பைலட் தப்பா இறங்கினாருன்னு எழுதறதுக்கு முன்னாடி தரையில என்ன வரைஞ்சிருந்துச்சுன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்ன விமானம் ரன்வேக்கு பதிலா டாக்சிவேல, அதாவது ரன்வேக்கு போக வர விமானம் தரையில ஊர்ந்து போற பாதைல, இறங்கிடுச்சு, இல்ல மூடி வெச்சிருந்த ரன்வேல இறங்கிடுச்சு, இல்ல ரன்வே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சக்கரம் பட்டுடுச்சுன்னு செய்தி வரும்போதெல்லாம் கடைசி வரி ஒரே மாதிரி தான் இருக்கு, விமானியின் கவனக்குறைவே காரணம்னு. உங்க பத்திரிகைல மட்டும் இல்ல, எல்லா பத்திரிகைலயும் டிவிலயும் இதே தான். நான் சின்ன விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கற வேலை பாக்கறவன், அதனால இத கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், பொறுமையா படிங்க. பைலட் மேல தப்பே கிடையாதுன்னு சொல்ல வரல. ஆனா அந்த ஆளோட கண்ணுக்கு கீழ என்ன தெரிஞ்சுது, அங்க என்ன பெயிண்ட் இருந்துச்சு, விதிப்படி என்ன பெயிண்ட் இருந்திருக்கணும், இந்த மூணையும் யாருமே கேக்கறதில்ல. கேக்காததால அடுத்த ஆளும் அதே இடத்துல அதே மாதிரி ஏமாந்து போறாரு.

மேலேர்ந்து பாத்தா ரன்வே பளிச்சுன்னு தெரியும்னு தான் பொதுவா நினைக்கறாங்க. நேர் மேலேர்ந்து பாத்தா தெரியும், ஆனா இறங்க வர்றவரு அப்படி பாக்கறதில்லையே, சுமாரா 3 டிகிரி சாய்வுல வர்றாரு, அந்தக் கோணத்துல தரையில இருக்கற எல்லாமே நசுங்கித் தான் தெரியும். 500 அடி உயரத்துல இருக்கும்போது ரன்வே இன்னும் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ரன்வே முனைல தரையில எழுதற நம்பர் சர்வதேச விதிப்படி குறைஞ்சது 9 மீட்டர் நீளமா இருக்கணும், 9 மீட்டர்னா மூணு மாடி, கேக்க பெருசா தான் இருக்கு, ஆனா அது தரையில படுத்துக்கிட்டு இருக்கு. 3 டிகிரில பாத்தா அந்த 9 மீட்டர் கண்ணுக்கு அரை மீட்டர் தான். 3 கிலோமீட்டர் தள்ளி நிக்கற அரை மீட்டர் எழுத்த யாரு படிக்க முடியும் சொல்லுங்க. அமெரிக்காவுல 60 அடி, அதாவது 18 மீட்டர் நீளத்துல எழுதறாங்க, அதுவே ஒரு மீட்டர் கணக்குக்கு தான் தெரியும். சரி, கிட்ட வந்தா படிக்கலாமேன்னா, செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானம் 65 நாட் வேகத்துல வருதுன்னு வைங்க, செகண்டுக்கு 33 மீட்டர் கடந்துக்கிட்டு இருக்கு. நம்பர் நல்லா படிக்கற தூரத்துக்கு வர்றப்போ கவனம் பூரா வேகத்து மேலயும் பக்கத்துக் காத்து மேலயும் போயிருக்கும். அதுக்கு ரொம்ப முன்னாடியே, நீளமா நேரா ஒண்ணு தெரியுதே அதான் ரன்வேன்னு மூளை முடிவு பண்ணி முடிச்சிருக்கும். முடிவு பண்ணினதுக்கு அப்பறம் கண்ணு அந்த முடிவுக்கு சாதகமா இருக்கறத மட்டும் தான் பொறுக்கி எடுக்கும். இது சோம்பேறித்தனம் இல்ல, மனுஷ மூளையே அப்படித் தான் வேலை செய்யுது, இருபதாயிரம் மணி நேரம் ஓட்டினவருக்கும் அப்படித் தான்.

ரன்வே கோடெல்லாம் வெள்ளை, டாக்சிவே கோடெல்லாம் மஞ்சள், ராத்திரில ரன்வே ஓர லைட் வெள்ளை, டாக்சிவே ஓர லைட் நீலம். முதல் நாள் கிளாஸ்லயே இத சொல்லிக் குடுத்துடுவோம், பசங்களும் ஒப்பிச்சிடுவாங்க. ஆனா சாயங்கால வெயில் எதிர்ல அடிக்கும்போது, அதுவும் மழை பேஞ்சு தரை ஈரமா மினுங்கும்போது, வெள்ளையும் மஞ்சளும் ரெண்டுமே ஒரே வெளுப்பா தான் தெரியும். அதுலயும் ரன்வே பழைய கறுப்புத் தாரா இருந்து பக்கத்துல டாக்சிவேய புதுசா கான்கிரீட்ல போட்டிருந்தா முடிஞ்சுது கதை, வெளுப்பா அகலமா எடுப்பா இருக்கற அந்த டாக்சிவே தான் முதல்ல கண்ணுல படும், ரன்வே அதுக்குப் பக்கத்துல மங்கிப் போய் கிடக்கும்.

ரன்வே ஆரம்பத்துல பட்டை பட்டையா நிக்குமே, பியானோ கீஸ்னு சொல்லுவோம், அதுல எத்தன பட்டை இருக்குன்றத வெச்சு அகலம் சொல்லிடலாம், 18 மீட்டர் அகலம்னா 4, 23 மீட்டர்னா 6, 30 மீட்டர்னா 8, 45 மீட்டர்னா 12. கொஞ்சம் உள்ள தள்ளி ரெண்டு தடிமனான பட்டை, அது எய்மிங் பாயிண்ட், இங்க குறி வெச்சு வான்னு அர்த்தம். நல்ல ஏற்பாடு தான், ஆனா இதெல்லாம் யாருக்கு கட்டாயம்னு விதியில பாத்தீங்கன்னா கருவி உதவியோட இறங்கற ரன்வேக்கும் பெரிய விமானம் வர்ற ரன்வேக்கும் தான். கண்ணால பாத்து மட்டுமே இறங்கற சின்ன ரன்வேக்கு நம்பரும் நடுக்கோடும் இருந்தா பெரும்பாலும் விதி திருப்தி ஆயிடும். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பைலட், ஜிபிஎஸ், இறங்க வழி காட்டற ஐஎல்எஸ் ரேடியோ கருவி, டவர் எல்லாம் இருக்கற ஜெட்டுக்கு தரை பூரா பெயிண்ட், நேத்து தான் தனியா பறக்க ஆரம்பிச்ச பையன் இறங்கற இடத்துல ரெண்டு இலக்கமும் ஒரு புள்ளிக்கோடும். அனுபவம் எங்க கம்மியோ அங்க தான் பெயிண்டும் கம்மியா இருக்கு, இத யாராவது ஒருத்தர் எழுதினா நல்லா இருக்கும்.

அப்பறம் நம்பர். ரன்வே எந்தத் திசைய பாத்திருக்கோ அந்த காந்தத் திசை டிகிரிய பத்தால வகுத்து முழு எண்ணாக்கி எழுதறாங்க, கிழக்கு பாத்து போனா 09, அதே ரன்வேல எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்தா 27, ரெண்டுக்கும் எப்பவும் 18 வித்தியாசம். இதுல ரெண்டு ஜோடி வில்லங்கமானது, 13ம் 31ம், 02ம் 20ம். இலக்கத்த திருப்பிப் போட்டா அதே ரன்வேயோட எதிர்முனை வந்துடுது பாருங்க. ரேடியோல ஒன் த்ரீன்னு கேட்டத மனசுக்குள்ள த்ரீ ஒன்னா போட்டுக்கிட்டு எதிர்ப்பக்கம் போய் நிக்கற பசங்கள எல்லா இன்ஸ்ட்ரக்டருமே பாத்திருப்பாங்க, அந்த நேரம் பாத்து எதிர்லேர்ந்து வேற ஒரு விமானம் கிளம்பிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? காந்தப் புலம் வேற வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகருது, அதனால நம்பரையே மாத்த வேண்டி வரும், லண்டன் பக்கத்துல ஸ்டான்ஸ்டெட்ல 2009ல 05/23ன்னு இருந்தத 04/22ன்னு மாத்தினாங்க. மாத்தற சமயத்துல பழைய சார்ட், அதாவது பைலட்டோட வரைபடம், கைல வெச்சிருக்கறவரு கீழ வேற நம்பர பாப்பாரு. இதுக்கு மேல சின்ன விமானத்துல மூக்கு எந்தத் திசைய பாக்குதுன்னு காட்டற ஹெடிங் இண்டிகேட்டர் ஜைரோன்ற சுழல் சக்கரத்துல ஓடறது, தானாவே விலகும், கால் மணி நேரத்துக்கு ஒருக்கா காம்பஸ பாத்து சரி பண்ணிக்கணும். அத மறந்துட்டா கருவி காட்டற திசையே தப்பு, ஒண்ணுக்கொண்ணு 20 டிகிரி, 30 டிகிரி விலகி ரெண்டு ரன்வே இருக்கற இடத்துல அந்தத் தப்பே போதும்.

இப்போ எனக்கு ரொம்ப கவலையா இருக்கற விஷயத்துக்கு வர்றேன், டிஸ்பிளேஸ்டு திரெஷோல்டு, அதாவது உள்ள தள்ளி வெச்ச இறங்கற எல்லை. ரன்வேயோட தார் ஒரு இடத்துல ஆரம்பிக்கும், ஆனா இறங்க அனுமதி அதுக்கு உள்ள தள்ளி தான் இருக்கும், அந்த எல்லைய குறுக்க ஒரு தடித்த வெள்ளைக் கோடு போட்டு காட்டுவாங்க, அது வரைக்கும் நடுக்கோட்டுல வெள்ளை அம்புக்குறி வரிசையா இருக்கும். அம்பு இருக்கற பகுதில டாக்சி பண்ணலாம், அங்கேர்ந்து டேக் ஆஃப் ஓட்டத்த ஆரம்பிக்கலாம், எதிர்ப்பக்கத்துலேர்ந்து இறங்கினா அது வரைக்கும் உருண்டு வரலாம், ஆனா இறங்கும்போது அங்க சக்கரம் படக்கூடாது. ஏன்னா வர்ற வழில மரம் இருக்கும், ரோடு இருக்கும், கட்டிடம் இருக்கும், இல்ல அந்தத் தார் இறங்கற அடிய தாங்காது. அம்புக்கு பதிலா மஞ்சள்ல வி மாதிரி வளைஞ்ச பட்டைங்க, செவ்ரான்னு சொல்லுவோம், அது இருந்தா அந்தப் பகுதில டாக்சி கூட பண்ணக்கூடாது, அது ஜெட் காத்து அடிக்கறதுக்கும், நிக்க முடியாம ஓடற விமானத்துக்கும் விட்டு வெச்ச இடம்.

ஒரு பொண்ணு எங்கிட்ட கத்துக்கிட்டு இருந்தா, நல்லா ஓட்டுவா. ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா இறங்க வர்ற கடைசிப் பகுதில, வந்துக்கிட்டு இருக்கும்போது விமானம் மெல்ல மெல்ல தாழ்ந்துக்கிட்டே போகுது, இறங்கற சாய்வு சரியான்னு காட்ட ரன்வே ஓரத்துல வெச்சிருக்கற பாப்பி லைட்டு நாலுல மூணு சிவப்பு ஆயிடுச்சு. சரியான சாய்வுல வந்தா ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்பு தான தெரியணும். நான் கை வெக்கல, கேட்டேன், "எங்கம்மா குறி வெக்கற?" "ரன்வே ஆரம்பம் சார்." "ஆரம்பம்னா எது?" "தார் ஆரம்பிக்குதே சார், அங்க." "அந்தத் தார் மேல என்ன வரைஞ்சிருக்கு?" ரெண்டு செகண்டு அமைதி. "அம்பு சார்." சொன்ன உடனே அவளே த்ராட்டில முழுசா தள்ளி மேல ஏத்திட்டா, நான் ஒண்ணுமே சொல்லல. கீழ இறங்கி பேசும்போது சொன்னா, அம்பு முதல்லயே கண்ணுல பட்டுச்சாம், ஆனா ரன்வே இந்தப் பக்கம்னு வழி காட்டறாங்கன்னு எடுத்துக்கிட்டாளாம். யோசிச்சா அதுல நியாயம் இருக்கு, அம்புன்னா வான்னு தான மனுஷனுக்கு தோணும், இங்க இறங்காதன்னு தோணாது. பெரிய விமானத்துல வர்றவங்களுக்கு எய்மிங் பாயிண்டும் கருவியும் சேந்து இழுத்து சரியான இடத்துல கொண்டு போய் விட்டுடும், பாப்பி கூட இல்லாத சின்ன ஏர்ஃபீல்டுல அந்த அம்பும் குறுக்குக் கோடும் மட்டும் தான் துணை. அந்தக் குறுக்குக் கோடு டயர் ரப்பர் படிஞ்சு, மழைல வெளுத்து, பாதி காணாம போயிருந்தா அந்தப் பொண்ணு மேல மட்டும் பழிய போடறது எந்த ஊரு நியாயம்?

மூடின ரன்வே விஷயம் இத விட மோசம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ஐகாவோ, அவங்களோட அனெக்ஸ் 14ல தெளிவாவே இருக்கு, நிரந்தரமாவோ தற்காலிகமாவோ மூடின ரன்வேல ரெண்டு முனைலயும் எக்ஸ் குறி போடணும், நடுவுலயும் 300 மீட்டருக்கு மேல இடைவெளி விடாம போடணும், ரன்வேனா வெள்ளை எக்ஸ், டாக்சிவேனா மஞ்சள் எக்ஸ். அமெரிக்காவுல ரன்வேலயும் மஞ்சள் எக்ஸ் தான் போடறாங்க, ராத்திரிக்கு லைட் வெச்ச எக்ஸ் கூட நிறுத்தறாங்க. ஆனா அனெக்ஸ்ல கூடவே ஒரு விதிவிலக்கும் இருக்கு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மூடறீங்க, ஏர் டிராஃபிக் கண்ட்ரோல்லேர்ந்து விமானங்களுக்கு போதுமான எச்சரிக்கை குடுத்துடுவீங்கன்னா எக்ஸ் போடாம விடலாம்னு. டவர்ல ஆள் உக்காந்து ஒவ்வொரு விமானத்துக்கும் வாய் விட்டு சொல்ற இடத்துக்கு இது சரி தான். டவரே இல்லாத ஏர்ஃபீல்டுல யாரு சொல்லுவா? அங்க அந்த விதிவிலக்குக்கு இடமே இல்ல, ஆனா நடைமுறைல கொஞ்ச நேர வேலை தானன்ற முதல் பாதிய மட்டும் புடிச்சுக்கிட்டு எக்ஸ் போடாமலே ரோலர ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. மேலேர்ந்து வர்றவருக்கு மஞ்சள் ரோலரும் நாலு ஆளும் தெரியறதுக்குள்ள 200 அடி உயரத்துக்கு வந்துடுவாரு. எக்ஸுக்கு ஒரு பெரிய துணி போதும், கம்பிய அடிச்சு நாலு மூலைலயும் காத்துல பறக்காத மாதிரி கட்டினா வேலை முடிஞ்சுது. இத கூட செய்யாம இருக்கறதுக்கு என்ன சாக்கு சொல்ல முடியும்னு எனக்கு சத்தியமா புரியல.

எக்ஸ் இல்லாததால என்ன ஆகும்னு கேட்டா 2000ம் வருஷம் அக்டோபர் 31ம் தேதி தைபேல நடந்தத தான் சொல்லணும். புயல் மழை, ராத்திரி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006 விமானம் 05 லெஃப்ட்ல (ஒரே திசைல இணையா ரெண்டு ரன்வே இருந்தா லெஃப்ட், ரைட்னு பிரிச்சு சொல்லுவோம்) கிளம்ப வேண்டியது, பக்கத்துல வேலைக்காக மூடியிருந்த 05 ரைட்டுக்குள்ள திரும்பி அங்க நின்ன கட்டுமான இயந்திரங்கள்ல மோதி 83 பேர் செத்துப் போனாங்க. அந்த ரன்வேயோட ஆரம்பத்துல மூடியிருக்குன்னு காட்டற குறியோ தடுப்போ இல்லைன்றது விசாரணைலயே வெளிய வந்துச்சு. அது இறங்கின விமானம் இல்ல, சின்ன விமானமும் இல்ல, ஆனா தரையில ஒரு குறி இல்லாம போனா அது எவ்வளவு தூரம் இழுத்துட்டு போகும்ன்றதுக்கு இத விட வேற என்ன வேணும்.

2018 செப்டம்பர்ல திருவனந்தபுரத்துலேர்ந்து மாலே போன ஏர் இந்தியா விமானம் அங்க இன்னும் திறக்காத, வேலை நடந்துக்கிட்டு இருந்த புது ரன்வேல இறங்குச்சு, நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கு முந்தின வருஷம் 2017 பிப்ரவரி 13ம் தேதி நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, அவரு பல வருஷமா விமானம் ஓட்டறவரு, கலிஃபோர்னியாவுல ஜான் வெய்ன் விமான நிலையத்துல தன்னோட சின்ன ஹஸ்கி விமானத்த 20 லெஃப்ட் ரன்வேக்கு பதிலா பக்கத்துல சார்லின்ற டாக்சிவேல இறக்கினாரு, அதுவும் அங்க ஆளுங்களோட நின்னுக்கிட்டு இருந்த ஒரு போயிங் 737க்கு மேல பறந்து போய். விசாரிச்சுட்டு அவரோட லைசென்ஸ பறிக்காம விட்டாங்க, அது சரின்னு தான் நானும் சொல்லுவேன். அன்னிக்கு செய்தில பூரா அவரு பேரு தான், அந்த டாக்சிவே ஃபைனல்லேர்ந்து பாக்க எப்படி இருக்கும்னு கேட்டவங்க ரொம்ப கம்மி.

அதே வருஷம் ஜூலை 7, சான் ஃபிரான்சிஸ்கோ, இத கொஞ்சம் நிதானமா சொல்லணும் ஏன்னா குழப்பம் எப்படி உருவாகுதுன்றது இதுல அப்படியே தெரியுது. ராத்திரி, ஏர் கனடா 759, ஏர்பஸ் ஏ320. அங்க 28 லெஃப்ட், 28 ரைட்னு ரெண்டு ரன்வே பக்கத்துல பக்கத்துல, இவங்க இறங்க வேண்டியது ரைட்ல. அன்னிக்கு லெஃப்ட்ட வேலைக்காக மூடி லைட்ட அணைச்சுட்டாங்க, அதனால இருட்டுல ஒரே ஒரு ரன்வே தான் லைட்டோட நிக்குது. ஆனா பைலட்டுங்க மனசுல ரெண்டு ரன்வே இருக்கு. அப்போ எரியறது லெஃப்ட், அதுக்கு வலது பக்கம் இருக்கறது ரைட்னு கணக்கு போட்டுட்டாங்க, அந்த வலது பக்கம் இருந்தது டாக்சிவே, அதுல நாலு விமானம் ஆளுங்க நிறைஞ்சு வரிசையா நிக்குது. கடைசி நேரத்துல மேல ஏத்தினாங்க, ஆனா அதுக்குள்ள சுமார் 60 அடி உயரம் வரைக்கும் கீழ வந்துட்டாங்க. லெஃப்ட் மூடியிருக்குன்ற அறிவிப்பு அவங்க கைலயே இருந்துச்சு, நோட்டம்னு சொல்லுவோம், 27 பக்கம் வந்த கத்தைல 8வது பக்கத்துல. இவ்வளவு வசதி இருக்கற விமானத்துல, ரெண்டு அனுபவசாலி பைலட் உக்காந்திருக்கும்போதே இந்த கதி, அப்போ தனியா ஒரு ஆள், மடில சார்ட்ட வெச்சுக்கிட்டு, முன்ன பின்ன வராத ஏர்ஃபீல்டுக்கு வர்றாருன்னா அவரு நிலைமைய நினைச்சுப் பாருங்க.

கடைசியா பழைய பெயிண்ட். ரன்வேய ரிப்பேர் பண்ணும்போது திரெஷோல்ட தள்ளி வெக்கறாங்க, வேலை முடிஞ்சதும் பழையபடி மாத்தறாங்க, இல்ல பழைய ரன்வேய டாக்சிவேயா மாத்தறாங்க. அப்போ பழைய கோட்ட சுரண்டி எடுக்கணும், தண்ணிய பீச்சி அடிச்சோ தேய்ச்சோ முழுசா எடுத்துடணும். நிறைய இடத்துல செலவ மிச்சம் பண்ண அதுக்கு மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டு போயிடறாங்க. புதுசா இருக்கும்போது நல்லா தான் இருக்கும், ரெண்டு மழை, ஒரு வெயில் காலம் போனா கறுப்பு உரிஞ்சு கீழ இருக்கற வெள்ளை எட்டிப் பாக்கும். உரியாம இருந்தாலும், தரை ஈரமா இருந்து எதிர் வெயில் அடிச்சா அந்தக் கறுப்பு பெயிண்டே வெள்ளைக் கோடு மாதிரி பளபளக்கும். ரோட்டுல லேன் கோட்ட மாத்திப் போட்ட இடத்துல மழை ராத்திரில எது புதுக் கோடு எது பழைய கோடுன்னு தெரியாம திணறியிருப்பீங்க இல்லையா, அதே தான் இது, என்ன ஒண்ணு, இங்க பிரேக் போட்டு நின்னு பாக்க முடியாது. பழைய பட்டையும் புதுப் பட்டையும் ஒரே நேரத்துல தெரியற ரன்வேல பைலட் எத நம்பணும்? அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது பெயிண்ட் அடிக்க ஆர்டர் குடுத்தவரு.

பைலட்டுங்களும் செய்ய வேண்டியது இருக்கு, அத சொல்லாம விட்டா இந்த லெட்டர் ஒருதலைப்பட்சமா போயிடும். புது இடத்துக்கு போனா நேரா ஃபைனல்ல போய் நிக்காம, மேல உயரமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, நான் முன்னாடி சொன்ன 3 டிகிரி தொல்லை அங்க இல்ல, எக்ஸ் இருக்கா, அம்பு எது வரைக்கும் இருக்கு, ரோலர் நிக்குதா, எல்லாம் தெளிவா தெரியும். ஃபைனல் திரும்பின உடனே ஹெடிங்க வாய் விட்டு சொல்லுங்க, 09ன்னா கருவி 90 கிட்ட காட்டணும், பக்கத்துக் காத்துக்கு மூக்க திருப்பி வெச்சிருந்தா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா 120 காட்டினா அது வேற ரன்வே. ஆனா ஒண்ணு, டாக்சிவே ரன்வேக்கு இணையா தான் ஓடும், அதனால ஹெடிங் மட்டும் பாத்தா டாக்சிவேய கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு வெள்ளை நம்பர் கண்ணுக்குத் தெரியணும், பாப்பி இருக்கற இடமா இருந்தா அது எந்தப் பட்டைக்கு பக்கத்துல நிக்குதுன்னு பாக்கணும். நம்பர் தெரியலன்னா 300 அடிலயே மேல ஏத்திடுங்க, அத கேவலமா நினைக்காதீங்க. எங்க பசங்கள்ல சில பேரு இப்படி இறங்காம மேல ஏத்தினா, கோ அரவுண்ட்னு சொல்லுவோம், மார்க் குறையும்னு பயப்படறாங்க, அந்தப் பயத்த ஊட்டறது எங்கள மாதிரி இன்ஸ்ட்ரக்டருங்க தான், அத நாங்க தான் நிறுத்தணும்.

ஆசிரியர் கிட்ட நான் கேக்கறது இது தான். அடுத்த தடவ இப்படி ஒரு செய்தி வந்தா உங்க நிருபர் ஏர்ஃபீல்டுக்கு போகும்போது உடைஞ்ச விமானத்த மட்டும் ஃபோட்டோ எடுக்காம, ரன்வே ஆரம்பத்துக்கு வெளிய, விமானம் வந்த பக்கத்துலேர்ந்து, தரையையும் ஒரு ஃபோட்டோ எடுக்கட்டும். அந்த எல்லைக் கோட்ட கடைசியா எப்போ அடிச்சீங்க, பழைய கோட்ட சுரண்டினீங்களா கறுப்படிச்சீங்களா, மூடியிருந்துச்சுன்னா எக்ஸ் எங்க, டவர் இல்லைனா பைலட்டுக்கு யாரு சொன்னாங்க, இத நிர்வாகத்து கிட்ட நேரா கேட்டு, வர்ற பதில அப்படியே போடுங்க, பதில் வரலன்னா வரலன்னே போடுங்க. விசாரணை அறிக்கை வர ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும், அது வரும்போது செய்தி பழசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, முதல் நாள் பைலட் பேர கொட்டை எழுத்துல போட்ட அதே பக்கத்துல அந்த அறிக்கையையும் போடுங்க.

லெட்டர் நீளமா போயிடுச்சுன்னு தெரியும், இடம் பத்தலன்னா நம்பர் பத்தி எழுதினத எடுத்துடுங்க, வெளிநாட்டு சம்பவங்களையும் வேணும்னா சுருக்கிக்கோங்க. டவர் இல்லாத ஏர்ஃபீல்டுல எக்ஸ் போடாம வேலை பாக்கறாங்கன்னு எழுதின பகுதிய மட்டும் ஒரு வரி கூட குறைக்காம போடுங்க.

இப்படிக்கு,
சின்ன விமானப் பயிற்சியாளர் ஒருவர்